சன்லெஸ் சீ உங்களுக்கு ஒத்துவருமா?

2015-இல் வந்த சன்லெஸ் சீ என்ற வீடியோ கேமை வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்கப் பொறுமை உண்டா? பேச்சுக் குரலே கிடையாது. கதை முழுக்க எழுத்தில்தான். பொறுமை இல்லையென்றால் இங்கேயே விட்டுவிடலாம்.

பாதாளக் கடலில் நீராவிக் கப்பல் ஓட்ட வேண்டும். எரிபொருள், உணவு, அச்ச அளவு மூன்றையும் கவனிக்க வேண்டும். முகப்பு விளக்கை அணைத்தால் எரிபொருள் மிஞ்சும், ஆனால் இருட்டில் அச்சம் கிடுகிடுவென ஏறும். அது 100-ஐத் தொட்டால் மாலுமிகள் கலகம் செய்வார்கள். புதியவர்கள் பெரும்பாலும் மூழ்குவது அரக்கர்களால் அல்ல, திரும்பிவர எரிபொருள் வைக்காததால்தான். பாதி தீர்ந்ததுமே தாய்த் துறைமுகமான லண்டனுக்குத் திரும்புங்கள். வழியில் ஒவ்வொரு துறைமுகத்திலும் அறிக்கை எடுத்துவந்து லண்டன் கடற்படை அலுவலகத்தில் கொடுத்தால் காசு கிடைக்கும்.

கேப்டன் செத்தால் அடுத்தவருக்குச் சொத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வரைபடத்தையே வாரிசுரிமையாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் தீவுகளும் இடம் மாறிவிடும். ஆனால் தீவுக் கதைகள் அதே கதைகள்தான். மூன்றாம் கேப்டனுக்கு அவை சலிக்கும். கப்பலும் ஆமை வேகம். அடிக்கடி சேமித்து ஆடிப் பழகியவர்கள், நாமே சேமிக்க விடும் மெர்சிஃபுல் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.