ஒரு வாரம் ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபாய்: மாற்றுத்திறனாளிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப் பணம் திரட்டுவது எப்படி

என் அக்கா மகள் 2024-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க வராது, வலது கை சரியாகப் பிடிக்காது, பேச்சு மெதுவாக வரும். கணக்குப்பதிவியலில் பள்ளியிலேயே இரண்டாம் மதிப்பெண். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. அக்கா வீட்டுக்காரருக்கு இருந்த தென்னையெல்லாம் 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்துவிட்டது. நான் பேராவூரணிப் பக்கம் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்ற முறையில் பணத்துக்கு ஏற்பாடு செய்யும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு வருடமாக அதைச் செய்துவருகிறேன். இதே நிலையில் இருக்கிற குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாரிடமும் கேட்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து செலவை எழுதுங்கள். நாங்கள் அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். முதலில் ‘கல்லூரிக் கட்டணம் 32,000’ என்று எழுதிவிட்டு, அவ்வளவுதானே என்று பேனாவை மூடினேன். அக்கா மகள், “மாமா, நான் காலேஜுக்குப் பறந்தா போவேன்?” என்றாள். அப்புறம்தான் மிச்சமெல்லாம் வந்தது. அவளோடு அக்காவும் தஞ்சாவூரில் தங்கவேண்டும். படி இல்லாத, கதவு அகலமான தரைத்தள வீடு, மாதம் 5,500 வாடகை, வருடத்துக்கு 66,000. கல்லூரிக்குப் போக வர ஆட்டோ நாளைக்கு 200, 180 நாளுக்கு 36,000. பகலில் கழிப்பறைக்கு அழைத்துப்போக ஒரு அம்மா, மாதம் 2,500, பத்து மாதத்துக்கு 25,000. சக்கர நாற்காலிக்கு டயர், பேரிங் என்று 5,000. புத்தகம், ஜெராக்ஸ், நெட் கார்டு 8,000. கூட்டினால் 1,72,000. இதில் கல்லூரிக்குக் கட்டும் பணம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். கட்டணத்துக்கு அரசு உதவி உண்டு, சலுகை உண்டு, கடனும் உண்டு. பிள்ளையை வீட்டிலிருந்து வகுப்பறை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவுக்குத்தான் யாரும் இல்லை. நிறைய மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிப்பை விடுவதும் இந்த இடத்தில்தான். ஆகவே ஊரில் திரட்டுகிற பணம் இதற்காக இருக்கட்டும்.

அரசிடமிருந்து வரவேண்டியதை முதலில் வாங்கிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனி அடையாள அட்டையான யுடிஐடி அட்டை இல்லாவிட்டால் எதுவும் நகராது. பள்ளி முடிப்பதற்குள்ளேயே எடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. அப்படி ஒரு இடம் கிடைத்தாலே கட்டணத்தின் பாரம் குறைந்துவிடும், அதனால் சேர்க்கை நேரத்தில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிளஸ் ஒன் முதல் முதுகலை வரைக்குமான அந்தத் திட்டத்தில் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். பொறியியல், டிப்ளமா என்றால் ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தரும் சக்ஷம் உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. அதற்கு வருமான வரம்பு 8 லட்சம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இந்த ஆயிரம் வரும். ஆனால் மற்ற சில திட்டங்களில் ஒன்று வாங்கினால் இன்னொன்று கிடையாது. அதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். கல்வி உதவித்தொகை, பராமரிப்பு உதவித்தொகை, பேட்டரி சக்கர நாற்காலி, பஸ் பாஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் விசாரித்துவிடலாம். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களை ஆறு மாதம் அலையவிட்ட ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை ‘அனுப்பப்பட்டது’ என்று இணையத்தில் காட்டியது, ஆனால் கணக்கில் பணம் இல்லை. கடைசியில் பார்த்தால், எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன ஒரு பழைய கணக்கில் கிடந்தது. இந்தப் பணம் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் பாங்குக்குப் போய் இதைச் சரி பாருங்கள்.

அரசு தந்ததையும் நானும் அக்காவும் போட முடிந்ததையும் கழித்தபின் வருடத்துக்கு ஒரு லட்சம் நின்றது. ஆட்டோ 36,000, உதவிக்கு வரும் அம்மாவுக்கு 25,000, வாடகையில் 39,000.

எங்கள் பக்கத்தில் பணம் வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு மொய் வாங்கும் மொய் விருந்துதான். ஆடியும் ஆவணியும் வந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று பந்தல் பந்தலாகக் கறிச்சோறு. மொய் விருந்து வை, ஒரே நாளில் முடிந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. மொய் என்பது வட்டியில்லாத கடன். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்தாகவேண்டும். படித்து முடிக்கும்போதே அந்தப் பிள்ளை கையில் ஊர் முழுக்கச் செய்யவேண்டிய முறையைக் கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் மொய் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். கொடுப்பவர் கண் முன்னால் பேர், ஊர், தொகை எழுதுகிற அந்த ஒழுங்கு எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, முதல் வரியில் வழக்கப்படி தாய்மாமன் தொகையை எழுதினோம். முதல் பக்கத்திலேயே ‘இது திருப்பிச் செய்யும் மொய் அல்ல’ என்றும் எழுதினோம்.

கேட்கும் கடிதத்தை நான்தான் முதலில் எழுதினேன். ‘நடக்க முடியாத ஏழைப் பெண்ணுக்குக் கருணை காட்டுங்கள்’ என்று ஆரம்பித்திருந்தேன். அவள் வாங்கி, இடது கையால் ‘ஏழை’யை அடித்தாள், ‘கருணை’யை அடித்தாள், அப்புறம் மொத்தத் தாளையுமே மடித்து வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து போனில் தட்டச்சு செய்து காட்டியது இது:

“வணக்கம். நான் பி.காம். முதலாம் ஆண்டு மாணவி. எனக்கு மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, பேச்சு மெதுவாக வரும், படிப்பு நன்றாக வரும். கல்லூரிக் கட்டணம் கட்டியாயிற்று. கல்லூரிக்குப் போய்வர ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஒரு வாரத்துக்கு 1,000 ரூபாய். முடிந்தால் ஒரு வாரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிந்ததும் மதிப்பெண்ணும் வரவு செலவும் அனுப்புவேன்.”

இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது. ‘ஒரு லட்சம் வேண்டும்’ என்றால் கேட்பவர் மலைத்துப்போகிறார். ‘ஒரு வாரம்’ என்றால் சட்டைப்பையைத் தொடுகிறார். படத்தையும் அவளே தேர்ந்தெடுத்தாள். பக்கத்து வீட்டுப் பையன் அவள் பாயில் கிடக்கும்போது ஒரு படம் எடுத்து, இதுதான் பணம் கொண்டுவரும் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மேஜையில் லெட்ஜர் தாளோடு உட்கார்ந்திருக்கும் படத்தைத்தான் அனுப்பினோம். பிள்ளைக்குப் பிடிக்காத படத்தை எவ்வளவு பணம் வரும் என்றாலும் வெளியே விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போனது திரும்பி வராது. கல்லூரிப் பெயர், வீட்டு முகவரி, யுடிஐடி எண் எதையும் பொதுவில் போடவேண்டாம். நேரில் கேட்பவரிடம் காட்டினால் போதும்.

எங்களுக்குப் பணம் வந்த வழி இதுதான்: அவளுடைய பள்ளி ஆசிரியர்கள், அக்காவோடு படித்தவர்கள், என் கடைக்குச் சரக்கு தருபவர்கள், சிங்கப்பூரில் வேலை செய்யும் ஊர்ப் பையன்கள். குழுவில் போட்ட செய்திக்கு ‘வாழ்த்துகள்’ என்று கைகூப்பும் படம்தான் அதிகம் வந்தது. ஒவ்வொருவராகப் போன் போட்டு, “அண்ணே, ஒரு வாரம் எழுதிக்கட்டுமா?” என்று கேட்டபோது பத்தில் ஆறு பேர் சரி என்றார்கள். சம்பளம் போடும் முதல் வாரத்தில் கேளுங்கள். மிலாப், கெட்டோ மாதிரி இணையத்தில் பணம் திரட்டும் தளங்களிலும் போடலாம், ஆனால் அங்கேயும் முதல் பணம் உங்களுக்குத் தெரிந்தவர்களிடமிருந்துதான் வரவேண்டியிருக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பும் பணத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பணம் பிள்ளை பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். சொந்தம் அல்லாதவர்கள் தருவது ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 தாண்டினால், வருமான வரியில் முழுத் தொகையும் வருமானமாகவே கணக்காகும். வேறு வருமானம் இல்லாத பிள்ளைக்கு ஒரு லட்சத்துக்கு வரி வராது, ஆனாலும் கணக்கு கையில் இருக்கவேண்டும். தாய்மாமன், சித்தப்பா, அத்தை மாதிரி நெருங்கிய சொந்தம் தருவதற்கு இந்த வரம்பு கிடையாது. வரிச் சலுகை ரசீது கேட்கும் பெரிய மனிதர்களுக்குத் தனியாளால் அதைத் தர முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகக் கல்லூரிக்கே கட்டச் சொல்லுங்கள்.

மேடை விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஓர் அமைப்பு 50,000 தருவதாகச் சொல்லி விழாவுக்கு அழைத்தது. மேடைக்குச் சாய்தளம் இல்லை. நாலு ஆண்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள், ஒரு சக்கரம் கழன்று தொங்கியது. இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, அட்டையில் எழுதிய பெரிய காசோலையோடு படம் எடுத்தார்கள். கணக்கில் வந்தது 15,000, அதுவும் ஐந்து மாதம் கழித்து. இப்போதெல்லாம் போனிலேயே கேட்டுவிடுகிறேன்: சாய்தளம் உண்டா, எத்தனை நேரம் ஆகும், பணம் முன்னாலேயே கணக்குக்கு வருமா? இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவர்களிடம் போவதில்லை.

காசாகத் தரமுடியாதவரிடம் வேலையாகக் கேளுங்கள். என் கடைக்கு வரும் வெல்டர் இரும்புத் தகடுக்கு 3,500 மட்டும் வாங்கிக்கொண்டு, கூலி வாங்காமல் தஞ்சாவூர் வீட்டு வாசலுக்குச் சாய்தளம் அடித்துக் கொடுத்தார். ஆட்டோக்காரர் மழை நாளில் கல்லூரி மாடிப்படி வரை உள்ளேயே வண்டியைக் கொண்டுபோக அனுமதி வாங்கித் தந்தார். கல்லூரி முதல்வரிடம் மனு கொடுத்ததும் அவளுடைய வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஒரு பைசா செலவில்லை.

கல்விக் கடனை நான் கடைசியாக வைத்துக்கொள்வேன். 4 லட்சம் வரை பிணையில்லாமல் தரவேண்டும் என்பது பாங்குகளின் பொதுவான முறை. ஆனால் வாடகையும் ஆட்டோவும் அதில் எளிதில் அடங்காது.

செமஸ்டர் முடிந்த வாரத்திலேயே கணக்கு அனுப்பிவிடுங்கள், இதில் தாமதம் கூடாது. அவள் பி.காம். படிப்பவள், வரவு செலவை அவளே போடுகிறாள். முதல் செமஸ்டரில் நாலு நாள் காய்ச்சலில் கல்லூரிக்குப் போகவில்லை, ஆட்டோவில் 800 மிச்சம். அதையும் எழுதி, அடுத்த செமஸ்டர் வரவில் ஏற்றி, எல்லோருக்கும் அனுப்பினாள். அந்த 800-ஐப் பார்த்துவிட்டு மூன்று பேர் கேட்காமலேயே அடுத்த செமஸ்டருக்கும் ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள்.

வரும் ஜூனில் ஐந்தாம் செமஸ்டர். பதினெட்டு வாரத்தில் பதினொரு வாரத்துக்குப் பேர் ஏறிவிட்டது. மிச்ச ஏழுக்கும் நோட்டில் வரிசை எண் போட்டு, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.