டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் சாயங்கால கிளினிக்கில் டோக்கன் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் உள்ளே நமக்குக் கிடைப்பது அஞ்சு நிமிஷம்தான். எங்கள் அம்மா அந்த அஞ்சு நிமிஷத்தையும் முட்டிவலிக்கும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் செலவழித்துவிட்டு, எழுந்து கதவுவரை வந்த பிறகு "நேத்து நெஞ்சு அடைச்ச மாதிரி இருந்துது டாக்டர்" என்றார். முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே!

இப்போதெல்லாம் முக்கியமானதை மட்டும் பழைய பில்லின் பின்பக்கம் எழுதி, அதையே முதலில் படிக்கச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மாத்திரை. "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்றால் யாருக்குப் புரியும், பிபி மாத்திரையும் வெள்ளை, சுகர் மாத்திரையும் வெள்ளை. அட்டையோடு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், மெடிக்கலில் நாமாக வாங்கிப் போட்ட வலி மாத்திரை, நாட்டு மருந்து லேகியம் உட்பட. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் பிபியை ஏற்றும், கிட்னியையும் பாதிக்கலாம். நடுவில் மாத்திரையை நிறுத்தியிருந்தால் திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் டோஸைக் கூட்டிவிடுவார்.

சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. கிளம்பும் முன் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, சரியா டாக்டர்?" என்று நம் வாயால் திருப்பிச் சொன்னால், தப்பாகப் புரிந்துகொண்டதை அங்கேயே திருத்திவிடுவார். வெளியே கூட்டம் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.