உப்பின் கரைதிறனைக் கண்டறியும் முறை

கரைதிறன் என்பது குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் நீரில் கரையக்கூடிய அதிகபட்ச அளவு. இதைக் கண்டறிய, 100 கிராம் நீரில் 40 கிராம் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அறை வெப்பநிலையில் பல நிமிடங்கள் நன்கு கலக்க வேண்டும். அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்கினால்தான் அது தெவிட்டிய கரைசல், அதாவது இனியும் உப்பைக் கரைக்க முடியாத கரைசல் என்று கொள்ளலாம். எல்லாம் கரைந்துவிட்டால் மேலும் உப்பு சேர்க்க வேண்டும். கல்லுப்பில் மண் கலந்திருக்கக்கூடும் என்பதால் வடிதாள் கொண்டு வடிகட்டுவது அவசியம். அடியில் தங்கிய உப்பை உலர்த்தி எடையிட்டு, சேர்த்த மொத்த உப்பிலிருந்து கழிக்கும் வழி எளிதாகத் தோன்றினாலும், அதில் ஒட்டியிருக்கும் கரைசலும் உலர்ந்து உப்பாக மாறி எடையைக் கூட்டிவிடுவதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எடை தெரிந்த பீங்கான் கிண்ணத்தில், வடிகட்டிய தெளிந்த கரைசலில் 50 கிராம் எடுத்து, மிதமான தீயில் வற்றவிட வேண்டும். நீர் வற்றும் தறுவாயில் உப்புத் துகள்கள் வெடித்துத் தெறிக்கும். அப்போது தீயைக் குறைத்து, கண்ணாடி மூடியால் பாதி மூடுவது நல்லது. தெறித்தவை கண்ணுக்கும் கேடு, கணக்குக்கும் கேடு. ஆறியபின் எடையிட்டு, மீண்டும் சூடாக்கி, எடை மாறாத நிலை வரும்வரை தொடர வேண்டும்.

எஞ்சிய உப்பு ஏறத்தாழ 13.2 கிராம் என்றால், ஆவியான நீர் 36.8 கிராம், முன்னதைப் பின்னதால் வகுத்து 100ஆல் பெருக்கினால், கரைதிறன் சுமார் 36 கிராம் என்று கிடைக்கும். வெப்பநிலையையும் உடன் குறித்துவைக்க வேண்டும். உப்பின் கரைதிறன் கொதிநீரில்கூட 39 கிராம் அளவுக்கே உயரும். ஆனால் 20 டிகிரி செல்சியசில் 32 கிராம் கரையும் வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) 60 டிகிரியில் 110 கிராம் வரை கரையும்.