ஆன்லைன் வகுப்பில் பிறர் எழுத்தைப் பயன்படுத்துவது எப்படி?

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்பது இது: "சார், இந்தக் கதைய ஸ்கேன் பண்ணி கூகிள் கிளாஸ்ரூம்ல போட்டா கேஸ் ஆயிருமா?" பயந்துபோய் நல்ல கதையையே பாடத்திலிருந்து எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி விட வேண்டியதில்லை. கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

1. உரிமை இன்னும் இருக்கிறதா?

நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து, அதன்பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல். கணக்குப்படி 2008ஓடு முடிந்தது. அதற்கு முன்பே, 2002இல், தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. தாராளமாகப் போடலாம். இடைசெவல் கி. ராஜநாராயணன் 2021இல் மறைந்தார். அவர் எழுத்துக்கு 2081 முடியும்வரை உரிமை உண்டு.

இங்கே பலரும் தவறுவது ஒன்று. சங்கப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை, சரி. ஆனால் போன வருடம் ஒருவர் அதற்கு எழுதிய உரைக்கு உண்டு. மூலத்தைத் தட்டச்சு செய்து போடுங்கள். உரைநூலின் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்யாதீர்கள்.

2. உரிமை இருந்தால், யார் கைக்குப் போகிறது?

இதுதான் முக்கியமான படி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. தேர்வு வினாத்தாளில் ஒரு பத்தியைக் கொடுப்பதற்கும் அங்கேயே இடம் இருக்கிறது. பாடநூல் பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்து மாணவருக்குத் தொகுத்துக் கொடுத்ததற்காகப் பதிப்பகங்கள் தொடுத்த டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், 'கற்பிக்கும் போக்கு' என்பது மணி அடிப்பதற்குள் நடக்கிற பாடம் மட்டும் அல்ல, அந்தப் பருவம் முழுக்க நடக்கும் படிப்பு என்று பொருள் கொண்டது. வழக்கு ஜெராக்ஸைப் பற்றியது, ஆன்லைன் வகுப்பைப் பற்றியது அல்ல. ஆனாலும் நமக்கு அதிலிருந்து ஒரு வழி தெரிகிறது. கடவுச்சொல் போட்டு நுழைகிற, உங்கள் மாணவர் மட்டும் இருக்கிற வகுப்பில் வையுங்கள். லிங்க் கிடைத்த யாரும் திறக்கலாம் என்கிற அமைப்பை மாற்றுங்கள். பருவம் முடிந்ததும் கோப்பை எடுத்துவிடுங்கள்.

ஊர் முழுக்கச் சுற்றும் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போடுவது கற்பித்தல் ஆகாது. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு போட்டாலும் அது விநியோகம்தான்.

3. தேவையான அளவு

ஒரு கதை பாடத்தில் இருந்தால் அந்தக் கதை போதும். தொகுப்பு முழுவதையும் ஏற்றினால், பாடத்துக்கு அது எதற்கு என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. புத்தகத்தை நூலகத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எழுதியவருக்கும் நாலு காசு போகட்டும்.

4. படம், பாட்டு, காணொளி

வேறு தளத்தில் உரிமையாளரே வைத்திருக்கும் காணொளியை இறக்கி ஏற்றாமல், லிங்க் மட்டும் கொடுங்கள். நான் ஒருமுறை வகுப்புப் பதிவை எல்லோருக்கும் தெரியும்படி ஏற்றிவிட்டேன். நடுவே ஒரு திரைப்பாட்டு ஓடியிருந்தது. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பதிவின் ஒலி முடக்கப்பட்டது. பிள்ளைகள் தவித்துப் போனார்கள். பாட்டு வருகிற இடத்தை வெட்டிவிட்டு ஏற்றியிருக்க வேண்டும்.

படங்களுக்கு, பிறர் பயன்படுத்த அனுமதித்த படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் எழுதியிருக்கும், அதை வாசித்துவிட்டு எடுங்கள். அதைவிட, தாமிரபரணி வெள்ளத்தில் நெல்லை குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கி நிற்கும் படம் வேண்டுமானால் உங்கள் மாணவரே எடுத்து வைத்திருப்பார். அவரிடமும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், அவர் பெயரோடு.

5. பெயரும் அனுமதியும்

எதை எடுத்தாலும் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு போடுங்கள். பெயர் போட்டுவிட்டாலே அனுமதி கிடைத்ததாக நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு.

பொதுவில் வைக்கத்தான் வேண்டும் என்றால் கேட்டுவிடுங்கள். நம் பக்கத்து எழுத்தாளர்கள் பலர் கேட்டால் மகிழ்ச்சியோடு சரி என்கிறார்கள். உரிமை பதிப்பகத்திடம் இருந்தால் அங்கே எழுத வேண்டும். நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். தங்கள் கதையை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான காணொளிப் பாடத்தில் முழுமையாக வாசித்து, பொதுவில் வெளியிட விரும்புகிறேன். கட்டணம் ஏதும் வாங்கவில்லை. தங்கள் சம்மதத்தை எழுத்தில் தந்தால் உதவியாக இருக்கும்."

பதில் வந்ததும் அதைப் பத்திரமாகச் சேமித்து வையுங்கள். வராவிட்டால், பாடம் மூடிய வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும்.