தம்பி ‘அண்ணன்’ என்று சொல்லும் இடம்: ஒரு குறும்படம் எடுக்கும் முறை

வீட்டில் ரெட்டைப் பின்னலோடு இருக்கும் பத்து வயதுப் பிள்ளை, மொட்டை மாடிக்குப் போனதும் பையனாகிவிடுகிறது. ஆறு வயதுத் தம்பிக்கு மட்டும் அது தெரியும். பதினைந்து நிமிடப் படத்துக்கு இவ்வளவு கதை போதும்.

வசனத்தில்தான் முதல் கவனம். ‘நான் வந்தேன்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பிள்ளை தன்னைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எதுவும் வெளியே வராது. அடுத்தவர் பேச்சில்தான் அது தெரியும்: ‘அவன் வந்தான்’, ‘அவ வந்தா’. ‘டா’வை நம்பாதீர்கள், சென்னையில் தோழிகளே ஒருவரையொருவர் ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். ‘டி’தான் காட்டிக்கொடுக்கும். பால்கனியிலிருந்து அம்மா “சாப்பிட வாடி” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஆட்டம் நின்றுவிடும். “அது உங்க அக்காவா?” என்று யாரோ கேட்க, தம்பி “எங்க அண்ணன்” என்கிறான். இந்தச் சொல் படத்தில் ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். அதற்கு முன் மூன்று நான்கு இடங்களிலாவது அவன் போகிற போக்கில் ‘அக்கா’ என்று கூப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கனம் ஏறாது. அங்கே இசை வேண்டாம்.

மாடியில் கூட விளையாடும் பிள்ளைகள் கூட்டத்துக்குத் தனித்தனியாக நடிகர் தேடாதீர்கள். பையனாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பிள்ளையின் கதையான ‘டாம்பாய்’ படத்தை 2011-இல் இருபதே நாளில் எடுத்த பிரெஞ்சு இயக்குநர் செலின் சியாமா, நாயகியாக நடித்த சிறுமியின் நிஜ நண்பர்களையே விளையாட்டுக் கும்பலாக நடிக்க வைத்தார். நட்பை ஒத்திகையில் உண்டாக்க முடியாது. வசனத்தைப் பிள்ளைகளிடம் அன்று காலையில் வாயால் சொல்லுங்கள்; தாளில் கொடுத்தால் ஒப்பிப்பார்கள்.

பிள்ளைகளை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் வேலை, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும்.

கேமரா தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் நிற்கும் உயரத்தில் வைத்தால் பிள்ளைகளை மேலிருந்து விசாரிப்பதுபோல் ஆகிவிடும். மாடியில் மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். மதியத்தில் தளம் காலைச் சுடும், கண்களில் நிழல் விழும். கடல்காற்று மைக்கில் இரையும், அதனால் நீளக் கம்பில் பிடிக்கும் பூம் மைக்குக்கு ரோம உறை கட்டாயம். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை வாட்ச்மேனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காட்சி முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை முப்பது நொடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஓட்டைகளை அடைக்க உதவும்.

இந்தக் கதையை எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது உடலைக் காட்டி ‘உண்மையை’ நிரூபிக்கப் போகும் இடத்தில்தான். உடை மாற்றும் காட்சி வேண்டவே வேண்டாம். மூடிய கதவும் வெளியே காவல் உட்கார்ந்திருக்கும் தம்பியும் போதும். ‘திருநம்பி’ என்று டாக்டரையோ டீச்சரையோ சொல்ல வைக்காதீர்கள்: பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவரைக் குறிக்கும் மதிப்பான சொல் அது, ஆனால் இந்தப் பிள்ளை இன்னும் தனக்கென்று எந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னலை வெட்டும் காட்சிக்கு ஒரே டேக்தான் கிடைக்கும் என்று பயப்பட வேண்டாம். நிஜ முடியைத் தொடாமல், அதே நிறச் சவுரியில் மூன்று பின்னல் தயாராக வையுங்கள். கத்தரியைத் தம்பி கையில் கொடுக்காதீர்கள்; அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளட்டும்.