காபி எத்தனை நிமிடத்தில் ஆறும்?

எவர்சில்வர் டம்ளரிலா, மூடி போட்ட குவளையிலா, எதில் காபி சீக்கிரம் ஆறும் என்று ஒப்பிட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. காபியின் சூட்டை மட்டும் பார்க்காதீர்கள். அறையைவிட அது எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். 1701-இல் நியூட்டன் வெளியிட்ட விதிப்படி, ஆறும் வேகம் அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆகவே வித்தியாசம் சம நேரங்களில் சம விகிதத்தில் குறையும்.

அறை 30 டிகிரி, காபி 80 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50. அது 25 ஆவதற்கு 10 நிமிடம் பிடித்தால், அடுத்த 10 நிமிடத்தில் 12.5 ஆகிவிடும், அதாவது காபியின் சூடு முதலில் 55, பிறகு 42.5 டிகிரி. இந்தப் பாதியாகும் நேரம்தான் அந்தப் பாத்திரத்தின் குணம். மூடிய குவளைக்கு அது 20 நிமிடம் என்றால், டம்ளர் காபி 42.5-க்கு இறங்கும்போது குவளையில் இன்னும் 55 டிகிரி இருக்கும். இப்படிச் சம விகிதத்தில் குறைவதைச் சொல்லும் அடுக்குக்குறிச் சமன்பாட்டின் மாறிலி, அதாவது ஆறும் வேகத்தைக் காட்டும் எண், வேண்டுமா? 0.693-ஐப் பாதியாகும் நேரத்தால் வகுத்துவிடுங்கள்.

இரண்டிலும் ஒரே அளவு காபி ஊற்றுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஆவி பறக்கும் முதல் சில நிமிடங்களை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆவியாதல் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதால் கணக்கு பிசகும். 65 டிகிரிக்கு இறங்கிய பிறகு அளப்பது நல்லது.

இன்னொன்று: தேநீரில் குளிர்ந்த பால் கலப்பவர்கள், குடிக்கத் தாமதமாகும் என்றால் உடனே கலந்துவிடுங்கள். வித்தியாசம் குறைந்துவிடுவதால் அது மெதுவாகவே ஆறும்.