கைக்கருவி வாங்கும்போது நாட்டுப் பெயரிலும் விலையிலும் ஏமாறும் இடங்கள்

ஸ்பேனரின் கைப்பிடியில் 'ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் நாலு மடங்கு விலை கொடுக்கத் தயங்காதவர்கள் உண்டு. 'சீனா' என்றிருந்தால் கையில் எடுத்துக்கூடப் பார்க்காதவர்களும் உண்டு. இருவருமே பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறார்கள். கருவியின் தரம் அதன் வாயில்தான் தெரியும். நட்டைப் பிடிக்கும் தாடை, கம்பியை வெட்டும் விளிம்பு, திருகில் உட்காரும் முனை, இவைதான் அந்த வாய். நாம் கொடுக்கிற காசு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதா, இல்லை வழியிலேயே வேறு யாருக்கோ போய்விட்டதா என்று பார்க்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

நாட்டுப் பெயரைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்வது

'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரையே முதலில் ஓர் எச்சரிக்கையாகத்தான் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகள், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரையைப் போலியாகப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தன. ஷெஃபீல்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. இதன்பிறகு வெளிநாட்டுச் சரக்கு தன் நாட்டுப் பெயரைக் காட்ட வேண்டியதாயிற்று. மட்டமான சரக்கைக் காட்டிக்கொடுக்கப் போட்ட எழுத்து, சில பத்தாண்டுகளில் நல்ல சரக்கின் அடையாளமாகிவிட்டது. 1938-இல் சோலிங்கன் என்ற பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ளாதபடி ஜெர்மனியிலேயே தனிச் சட்டம் வந்தது. ஜப்பானுக்கும் அப்புறம் தைவானுக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கப்பட்ட இரண்டும் இன்று தேடி வாங்கப்படுகின்றன.

அதற்காக ஊர்ப் பெயர் வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் ரெம்ஷைடு, வூப்பர்டால், ஜப்பானில் சான்ஜோ, மிக்கி, தைவானில் தைச்சுங், இந்தியாவில் ஜலந்தர், லூதியானா போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கருவித் தொழில் நடக்கிறது. அச்சு வெட்டுபவர், இரும்பைச் சூடாக்கி அச்சில் அடிப்பவர், சூடாக்கிக் குளிரவைத்து எஃகுக்குப் பதம் போடுபவர், முலாம் பூசுபவர் எல்லாரும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தை ஒரே நாளில் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஊரில் திறமை இருக்கிறது என்பதால் அங்கிருந்து வரும் ஒவ்வொரு துண்டும் நல்லதாகிவிடாது. தொழிற்சாலை, வாங்குகிற நிறுவனம் சொல்கிற கணக்குப்படி செய்துகொடுக்கிறது: என்ன எஃகு, எவ்வளவு நேரம் பதம், நூற்றில் எத்தனையைக் கழித்துப் போடலாம் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். ஒரே கூரைக்குக் கீழே உயர்ந்த ரகமும் தள்ளுபடி ரகமும் வெளிவரலாம். சீனச் சரக்கைப் பற்றிப் பேசும்போது பலர் மறப்பது இதைத்தான். அங்கிருந்து மோசமான கருவி ஏராளமாக வருகிறது என்றால், அந்த விலைக்குக் கேட்டவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிராண்டையும் நாட்டையும் ஒன்றாக நினைப்பது

பிராண்டின் தலைமையகம் ஓரிடம், பட்டறை வேறிடம் என்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். வேரா ஜெர்மானிய நிறுவனம், வூப்பர்டாலில் இருக்கிறது. அதன் ஸ்க்ரூ டிரைவர்களில் பெரும்பாலானவை செக் குடியரசில் உருவாகின்றன. அவை நல்ல கருவிகள் என்பதில் சந்தேகமில்லை. 'ஜெர்மன் சரக்கு' என்று நினைத்து வாங்குபவர் தவறான காரணத்துக்காகச் சரியான பொருளை வாங்குகிறார், அவ்வளவுதான். அதே வூப்பர்டாலில் 1882-இல் தொடங்கிய நிபெக்ஸ், தன் குறடுகளை ஜெர்மனியிலேயே செய்கிறது. ஒரே ஊர், இரண்டு வழி.

பெயர் அப்படியே இருக்கப் பட்டறை மட்டும் இடம் மாறுவதும் உண்டு. வைஸ்-கிரிப் என்ற, பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்ளும் குறடு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டி விட் என்ற சின்ன ஊரில் பிறந்தது. 2008-இல் அந்த ஆலை மூடப்பட்டு உற்பத்தி சீனாவுக்குப் போனது. கிராஃப்ட்ஸ்மேன் என்ற அமெரிக்கக் கருவி பிராண்டை 2017-இல் வாங்கிய ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர், டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் வொர்த்தில் பெருமளவு தானியங்கி ஆலை ஒன்றைக் கட்டி அமெரிக்காவிலேயே ஸ்பேனரும், நட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டும் சாக்கெட்டும் செய்யப் போவதாக அறிவித்தது. 2023-இல் அந்த ஆலையையும் மூடிவிட்டது. அப்பா காலத்துப் பெயரை நம்பி இன்று வாங்குபவர் கையில் கிடைப்பது, அப்பாவிடம் இருந்த அதே கருவியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் அட்டையில் இருக்கும் வார்த்தைகள். 'ஜெர்மன் வடிவமைப்பு', 'ஜெர்மன் தொழில்நுட்பம்' என்பதெல்லாம் எங்கே செய்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. 'மேட் இன்' என்பதற்கும் எல்லா இடத்திலும் ஒரே அளவுகோல் கிடையாது. அமெரிக்காவில் ஒட்டுமொத்தப் பொருளும் ஏறக்குறைய முழுக்க உள்நாட்டில் ஆகியிருந்தால்தான் அப்படிப் போடலாம் என்பது அரசு விதி. பல நாடுகளின் சுங்க விதிகளோ கடைசியாகக் கணிசமான வேலை எங்கே நடந்தது என்பதை மட்டும் பார்க்கின்றன.

'குரோம் வனேடியம்' என்ற எழுத்தில் மயங்குவது

இந்த எழுத்து இல்லாத ஸ்பேனரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. இந்த வகை எஃகில் குரோமியம் சுமார் ஒரு சதவீதம், வனேடியம் அதிலும் ஒரு சிறு பங்கு. நல்ல எஃகுதான். ஆனால் எழுத்து எஃகைப் பற்றி மட்டும் சொல்கிறது, அதற்குப் போட்ட பதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செம்மச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் எஃகு கடினமாகும், கூடவே கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். திரும்ப மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் உறுதி வரும். இந்த இரண்டாவது சூட்டில்தான் ஆட்கள் கை வைக்கிறார்கள், ஏனென்றால் அங்கே மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. ஸ்பேனருக்கு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 40-களில் கடினம் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் தாடை விரிசல் விடும். கட்டிங் பிளையரின் வெட்டும் விளிம்புக்கு 60-ஐ ஒட்டி வேண்டும், ஆனால் அதே பிளையரின் கைப்பகுதி அவ்வளவு கடினமாக இருக்கக் கூடாது. ஒரே துண்டு எஃகில் இரண்டு குணம் வர வேண்டுமென்றால் விளிம்பை மட்டும் தனியாகச் சூடாக்கிக் கடினப்படுத்த வேண்டும். விலையில் ஒரு பங்கு நியாயமாக அங்கே போகிறது.

இதையெல்லாம் கடையில் எப்படிப் பார்ப்பது? ஆய்வகம் வேண்டாம். பிளையரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் விளிம்பு முழு நீளமும் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய செப்புக் கம்பி அங்கே வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். ஒரு துண்டுத் தாளை வெட்டிப் பாருங்கள், கிழிபடாமல் வெட்டுப்பட வேண்டும். கைப்பிடிகளைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மூட்டு ஆடக் கூடாது, அதற்காக இறுக்கிப் பிடித்து நகராமலும் இருக்கக் கூடாது. ஸ்பேனர் என்றால் கையோடு ஒரு புது நட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். தளர்ச்சி எவ்வளவு என்று கையே சொல்லிவிடும். தாடையின் இரண்டு முகமும் இணையாக இருக்கின்றனவா, உள்மூலையில் முலாம் கட்டியாகத் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மோசமான மேற்பரப்பை மறைக்கக் குரோம் முலாம் நல்ல உதவி செய்யும். அது உரிய ஆரம்பித்தால் சிம்பு சிம்பாகக் கையைக் கிழிக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே விலைத் தட்டில் போவது

'நான் நல்லதுதான் வாங்குவேன்' என்று எல்லாவற்றையும் உயர்ந்த ரகத்தில் வாங்குவதும் தவறு, 'எல்லாம் இரும்புதானே' என்று எல்லாவற்றையும் மலிவில் வாங்குவதும் தவறு. சுத்தியல், கடப்பாறை, ஹேக்ஸா சட்டம், அளவுநாடா இதிலெல்லாம் நடுத்தர விலையே போதும். ஹேக்ஸாவில் வெட்டுவது பிளேடு, அதற்குச் செலவு செய்யுங்கள்.

பிளையர், ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ மூன்றும் வேறு கதை. இவற்றின் மலிவு ரகம் தான் கெடுவதோடு நிற்காது, பிடித்த பொருளையும் கெடுத்துவிட்டுப் போகும். முனை மழுங்கிய ஆலன் கீ ஒரு திருகின் அறுகோணக் குழியை வட்டமாக்கிவிட்டால், அந்தத் திருகை வெளியே எடுக்க ஆகும் செலவில் நல்ல செட் ஒன்று வாங்கியிருக்கலாம். ரிங் ஸ்பேனரிலும் சாக்கெட்டிலும் நல்ல தயாரிப்பாளர்கள் உள்முகத்தை இலேசாக வளைத்து, நட்டின் மூலையை விட்டுத் தட்டையான பக்கத்தைத் தள்ளும்படி செய்கிறார்கள். துருப்பிடித்த நட்டில்தான் அதன் அருமை தெரியும்.

விலையைப் பார்க்கவே கூடாத ஒரு வகை உண்டு: மின்வேலைக் கருவிகள். கைப்பிடியில் சிவப்பும் மஞ்சளும் ரப்பர் மாதிரி ஏதோ பூசியிருந்தால் அது மின்காப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் பிடிமானம். உண்மையான மின்காப்புக் கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் ஐ.ஈ.சி. 60900 என்ற தர எண்ணும் இருக்கும். அந்தத் தரத்தின்படி ஒவ்வொரு கருவியும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட வேண்டும். சோதனைக்கும் சேர்த்துத்தான் விலை. அதே மாதிரி, நட்டைக் குறித்த விசைக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தர எண்ணைப் பாருங்கள். அளவுச் சான்றிதழ் கூட வருகிறதா என்றும் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி வைக்காவிட்டால் எந்த விலை ரெஞ்சும் நாளடைவில் பொய் சொல்லும்.

எண்ணிக்கையில் மயங்குவது

'216 துண்டுகள்' என்று பெட்டியில் போட்டிருந்தால் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் சின்னச் சின்னப் பிட்டுகளாக இருக்கும், தினமும் கைக்கு வருபவை பத்துப் பன்னிரண்டு. சாக்கெட்டை ஒரு பக்கம் மட்டும் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடியான ராட்செட்டின் பல் எண்ணிக்கையும் இந்த ரகம்தான். 36 பல் என்றால் ஒவ்வொரு பிடிக்கும் கைப்பிடி 10 டிகிரி நகர வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி, 90 என்றால் 4. இடுக்கான இடத்தில் இந்த வித்தியாசம் உண்மையிலேயே உதவும். ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சிறிதாகும், அதைத் துல்லியமாகச் செய்யாவிட்டால் பாரம் ஏறும்போது வழுக்கும். மலிவு ராட்செட்டில் அதிகப் பல் என்பது எனக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டும்.

ஆயுட்கால உத்தரவாதமும் இப்படித்தான். அது கருவி உடையாது என்ற வாக்கு அல்ல. உடைந்தால் மாற்றித் தருவார்கள், அதுவும் மாற்றித் தர ஆள் அருகில் இருந்தால். பிட், அரம், டார்க் ரெஞ்ச் போன்றவை பல நிறுவனங்களில் அதற்குள் வராது, சின்ன எழுத்தைப் படியுங்கள். ஸ்னாப்-ஆன் மாதிரி கருவி நிறுவனங்களின் விலை அவ்வளவு ஏறியிருப்பதற்கு எஃகு மட்டும் காரணம் இல்லை. கருவி நிறைந்த வண்டி பட்டறை வாசலுக்கே வருவது, உடைந்ததை அங்கேயே மாற்றித் தருவது, தவணையில் கொடுப்பது எல்லாம் அந்த விலையில் சேர்ந்திருக்கிறது. தினமும் வண்டி பழுதுபார்த்துப் பிழைப்பவருக்கு அது நியாயமான கணக்கு. மாதம் ஒருமுறை சைக்கிள் சங்கிலியைத் தொடுபவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

கருவி மேல் பழி போடுவது

தலையில் சிலுவை வெட்டிய திருகு எல்லாம் ஒன்றே என்று நினைப்பதால் கெட்டுப்போன திருகுகள் எத்தனையோ. பிலிப்ஸ், போசிடிரைவ், ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உட்காரும் விதம் வேறு. போசிடிரைவ் திருகின் தலையில் சிலுவைக்கு நடுவே மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் பழைய திருகுகளில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனையை அதில் போட்டால் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். பளபள குரோம் சாக்கெட்டை அடித்து அடித்து நட்டைத் திருகும் இம்பாக்ட் கன்னில் மாட்டுவது இன்னும் ஆபத்து, சில்லாகத் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். அதற்கென்றே சுவர் தடித்த கறுப்புச் சாக்கெட்டுகள் உண்டு.

புதுசுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். நல்ல பட்டறையில் வந்த பழைய உளியோ ஸ்பேனரோ, புதிய நடுத்தரச் சரக்கைவிடக் குறைந்த விலைக்குப் பல நேரம் கிடைக்கும். ஸ்பேனரில் தாடை விரிந்திருக்கிறதா, யாராவது அரத்தால் தேய்த்துப் பெரிதாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். உளியில் முனையின் நிறத்தைப் பாருங்கள். கிரைண்டரில் அவசரமாகத் தீட்டியிருந்தால் விளிம்பில் நீலம் பாய்ந்திருக்கும். அந்த இடம் சுமார் 300 டிகிரி சூட்டைப் பார்த்துப் பதம் இழந்துவிட்டது. நீலம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் மெதுவாகத் தேய்த்து எடுத்துவிடலாம், விலை பேசவும் அது உதவும். விரல் அகலத்துக்கு ஏறியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.